லைலின் மேப்பிள் பலகை

நம் வேட்டை முகாமில் அறுபது வயது முடிந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்புக்கு அளவெடுத்த ஒரு காட்டுத் துப்பாக்கி உண்டு. இரும்பு எதுவென்று அந்த ஆள் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தோளில் பதிகிற கட்டைக்கு மரம் மட்டும் ஒன்றுதான். பதினான்கு வருடத்துக்கு முன் சவுனா என்கிற நீராவிக் குளியல் கொட்டகையின் மேல் சாய்ந்த மேப்பிள் மரத்தை அறுத்து, ஆளுக்கொரு பலகையாகப் பெயர் எழுதி துப்பாக்கி செய்யும் வெர்னா ஓயலாவின் கிடங்கில் காயப் போட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஒரு பலகை. தவறாகச் செதுக்கினால் வேறு கிடையாது.

லைல் கெம்ப்பைனனுக்கு ஆகஸ்டில் அறுபது முடிந்தது. இதோ அதோ என்று அக்டோபர் வரை தள்ளிப்பார்த்தார். பிறகு மச்சான் ஜீன் விடவில்லை.

"இன்னும் அஞ்சு வாரத்துல வேட்டை. உன் பலகைய எலி தின்னுடும்யா. கெளம்பு" என்று சனிக்கிழமை காலை லைலின் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

முப்பத்தொரு குளிர்காலமாக லைல் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறார். லாரியின் வலப்பக்கம் பத்தடி நீளத்துக்கு ஓர் இரும்பு இறக்கை விரியும். அதை ஏற்றி இறக்கவும் வலப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லவும் ஓட்டுநருக்கு வலப்பக்கம் ஓர் ஆள் உட்காருவான். பத்தொன்பது வருடமாக அந்த ஆள் ஜீன். "பெட்டி... பெட்டி... நாய்... சரி, போ" என்று சாலையோரத் தபால் பெட்டிகளையும் குறுக்கே வருவதையும் அவன் சொல்லிக்கொண்டே வர, லைல் ஓட்டுவார். இந்த வருடம் அலுவலகம் அந்த வேலையை எடுத்துவிட்டது. ஜீனை அலுவலகக் கிடங்குக்கு மாற்றி, இறக்கையின் விசையை ஓட்டுநர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள்.

லைலின் வலது கண் போய்க்கொண்டிருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். மனைவி மாவிஸுக்குக்கூடத் தெரியாது. வசந்தத்தில் உரிமத்துக்கான கண் பரிசோதனையில் எப்படியோ தப்பித்துவிட்டார். ஜூனில் பார்வையின் நடுவில் அழுக்குக் கட்டைவிரல் வைத்து அழுத்தியதுபோல் ஒரு கறை வந்தது. செப்டம்பருக்குள், யார் முகத்தைப் பார்த்தாலும் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கறைதான் இருந்தது. ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு குளிர்காலம். பரிசோதனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான்; அடுத்தது அந்த இரண்டும் கழிந்த வசந்தத்தில். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும் என்று தினமும் சவரம் செய்யும்போது நினைத்துக்கொள்வார், இடது கண்ணால் கண்ணாடியைப் பார்த்தபடி.

வெர்னாவின் பட்டறையில் காபி வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்திருந்தன. ஜன்னல் ஓரம் ஒரு கம்பி. ஒப்புக்கொண்ட வேலை ஒவ்வொன்றுக்கும் பெயர், அளவு, கை எல்லாம் எழுதிய அட்டை அதில் தொங்கும். காபி குடிக்க வருகிற அத்தனை பேரும் முதலில் படிப்பது அந்த அட்டைகளைத்தான்.

"வந்துட்டாரு மாப்பிள்ளை" என்றாள் வெர்னா. லைலோடு ஒரே வகுப்பில் படித்தவள். "பொண்ணு பாக்க இவ்வளவு நாளா?"

மேசையில் மூன்று துப்பாக்கிகளை வரிசையாக வைத்திருந்தாள். அடுத்த தோட்டாவை ஏற்றும் விதம்தான் வேறு: ஒன்று பக்கவாட்டுக் கைப்பிடியை இழுக்கும் போல்ட், ஒன்று குழலுக்கு அடியில் முன்னும் பின்னும் தள்ளும் பம்ப், ஒன்று பிடிக்குக் கீழே வளையத்தை இறக்கி ஏற்றும் லீவர். நாற்பதடிக்கு மேல் கண்ணுக்கு எதுவும் எட்டாத நம் காட்டில் எதுவும் போதும். குட்டையாக இருக்க வேண்டும், கிளையில் மாட்டக் கூடாது, தூக்கியதும் தானாகக் கண்ணுக்கு நேரே வந்து நிற்க வேண்டும்.

லைல் லீவரைத் தொட்டார். போல்ட்டுக்குக் கைப்பிடி வலப்பக்கம். லீவருக்குப் பக்கம் கிடையாது. எந்தத் தோளில் வைத்தும் இயக்கலாம். கோடை முழுக்கக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு துடைப்பக்கட்டையை இடது தோளில் வைத்துப் பழகியிருந்தார்.

ஜீன் சிரித்துவிட்டான். "முப்பது வருஷமா அத மாடு மேய்க்கிறவன் துப்பாக்கின்னு சொன்ன வாயா இது? என்ன மச்சான், குதிரை வாங்கப் போறியா?"

"லேசா இருக்கு."

"பொண்ணு லேசா இருக்குன்னு எவனாவது கட்டுவானா?" என்றாள் வெர்னா. "சரி, எடு. கண்ண மூடு, தோள்ல வை, கன்னத்தச் சாய், அப்புறம் தெற."

ஜீன் பார்த்துக்கொண்டிருந்தான். இடது தோளுக்குப் போக முடியாது. லைல் கண்ணை மூடி வழக்கம்போல் வலது தோளில் வைத்தார். திறந்தார். எதிர்ச்சுவரில் நாட்காட்டி தொங்கியது. அதில் ஒரு கடமான் உண்டு என்பது தெரிந்ததுதான். இப்போது அந்த இடத்தில் கறை.

"பொட்டு எங்க நிக்குது?" குழல் நுனியிலிருக்கும் பித்தளைப் பொட்டைத்தான் கேட்டாள். யார் வந்தாலும் அவள் கேட்கிற கேள்வி.

"மானோட மூக்குல. நடு மூக்குல."

"நேரா?"

"சுத்தமா நேரா."

வெர்னா திரும்பி, பணிமேசையிலிருந்து ஒரு தகர மூடியை எடுத்தாள். அதில் மிளகளவில் ஒரு பித்தளைப் பொட்டு கிடந்தது. வேறு பொட்டு மாற்றுவதற்காகக் காலையில் அவள் கழற்றியது. லைலின் இடது கண் அதைத் தெளிவாகப் பார்த்தது. துப்பாக்கியின் நுனி மொட்டையாக இருந்தது.

"ஜீன்" என்றாள் அவள், "கிடங்குல இவன் பலகை அடியில கெடக்கும். மேல இருக்கறத நகத்திட்டு எடுத்துட்டு வா. மெதுவா."

கதவு சாத்தும் வரை காத்திருந்தாள்.

"எப்பலேருந்து?"

"ஜூன்."

"மாவிஸ்?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"லைல், காலைல ஏழரைக்கு நான் பேப்பர் எடுக்க ரோட்டுக்கு வருவேன். என் பெட்டி எந்தப் பக்கம் இருக்கு?"

அவருக்குத் தெரியும். அந்தச் சாலையின் ஒவ்வொரு பெட்டியும் அவருக்குத் தெரியும். எல்லாம் வலப்பக்கம். ஆனால் பெட்டி இருக்கும் இடம்தான் தெரியும். அதன் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாது.

"ரெண்டு குளிர்காலம்தான் வெர்னா."

அவள் பென்சிலை எடுத்து, எழுதாத அட்டையை முன்னால் வைத்தாள். "வலதுன்னா கட்டைய ரெண்டு நூல் இந்தப் பக்கம் வளைப்பேன். இடதுன்னா அந்தப் பக்கம். வளைக்காம நேராவும் செதுக்கலாம். எந்தக் கண்ணுக்கும் பொருந்தாது, ஆனா அட்டைய எவன் படிச்சாலும் ஒண்ணும் தெரியாது. பலகை உன்னுது. அட்டையில என்னன்னு போட?"

நேராக. அந்தச் சொல் நாக்கு வரை வந்துவிட்டது. நேராக என்று சொன்னால் திங்கட்கிழமை எல்லாம் பழையபடி. அந்த உயரமான இருக்கை, பக்கத்தில் காலி இடம், கண்ணாடியில் வெள்ளை, இறக்கை எதையாவது தட்டுகிறதா என்று உடம்பெல்லாம் காதாக உட்கார்ந்திருப்பது. இரண்டு குளிர்காலம்.

காலால் கதவைத் தள்ளிக்கொண்டு ஜீன் வந்தான். பலகையை மேசையில் போட்டுக் கையால் தூசியைத் துடைத்தான். லைல் என்று ஜீனின் கையெழுத்திலேயே பென்சிலில் எழுதியிருந்தது. "என்ன, முடிவாச்சா?"

"லீவர்தான்" என்றார் லைல். பிறகு, "இடது."

"இடதா? எப்பலேருந்துய்யா நீ இடதுகைக்காரன்?"

வெர்னா அட்டையில் எழுதிக் கம்பியில் மாட்டினாள். எழுத்து பெரிதாகவே இருந்தது. ஜீன் அட்டையைப் பார்த்தான், தகர மூடியைப் பார்த்தான், லைலின் கண்ணைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

"இங்க வரும்போது வலப்பக்கம் அந்தத் தூண உரசப் பாத்தியே" என்றான். "ஒரு முழம்தான் இருந்துச்சு. நான் கறி அடைச்ச பாஸ்டி ரொட்டி தின்னுட்டு இருந்தேன். நீ வெளையாடறன்னு நெனச்சேன்."

"வெளையாடல."

ஜீன் கையை நீட்டினான். "சாவியக் குடு மச்சான்."

கொடுத்தார்.

"திங்கக்கிழம ஆபீஸ்ல நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நானே சொல்றேன். அதுக்கு முன்னாடி மாவிஸ்கிட்ட."

"அதான் கஷ்டம்" என்றாள் வெர்னா.

வெளியே ஏரிப்பக்கமிருந்து காற்று வந்தது; வருடத்தின் முதல் பனித்துகள்கள் தரையில் தங்காமல் கரைந்துகொண்டிருந்தன. லைல் பழக்கத்தில் ஓட்டுநர் பக்கத்து இடது கதவுக்குப் போனார். அங்கே ஜீன் உட்கார்ந்திருந்தான். வண்டியைச் சுற்றிவந்து, சொந்த வண்டியில் முதன்முறையாக வலப்பக்கம் ஏறினார். கால்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கைகளுக்கும் வேலை இல்லை.

ஜீன் சாலை விளிம்பில் நிறுத்தினான். "வலது பக்கம் என்ன?"

லைல் தலையை முழுதாகத் திருப்பி, இடது கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். நேரம் பிடித்தது. ஜீன் அவசரப்படுத்தவில்லை.

"பெட்டி" என்றார். "ஆள் இல்ல. போ."