பொன்னம்மை மைனி எரிக்காத கம்பிகள்

நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, திருவனந்தபுரம் பஸ் டிரைவர் ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். நாகர்கோவில் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். என் அண்ணனின் கார் ஷெட்டில் பலமுறை பார்த்த முகம். "பொன்னம்மையக்கா போயிட்டா டீச்சரே. காலத்தெ ஒரு வண்டிக்க சீட்டைத் தைச்சிட்டு இருந்தா. நெஞ்சு வலிக்குண்ணு சொல்லிச் சாஞ்சவதான்" என்றார். அந்த பஸ் திரும்பிப் போகும்போது நானும் அதில் இருந்தேன். மைனிக்கு, அதாவது என் அண்ணன் மனைவிக்கு, முப்பத்தைந்து வயது நிறையவில்லை.

பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கு முடிந்து திரும்பிவிட்டேன். நம் மாதர் சங்கத்து மலருக்காக மைனியைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். பொறுமையின் இருப்பிடம், குடும்ப விளக்கு என்றெல்லாம் எழுதினால் முதலில் சிரிப்பவள் அவளாகத்தான் இருப்பாள். அவளுக்குப் பொறுமையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. தையல் ஊசி ஒடிந்தால் ஊசி செய்தவனின் தகப்பனையும் சேர்த்துத் திட்டுவாள். ஆகவே எனக்குத் தெரிந்த பொன்னம்மை மைனியைத்தான் எழுதப் போகிறேன். அதிலும் ஒரு சங்கதியைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரம் சாலைக் கடைவீதிக்குப் பின்னால் அண்ணன் தாணுமாலயன் ஷெட் போட்டிருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்பு பொன்முடிப் பக்கத்து எஸ்டேட் டாக்டர் ஒருவர் தம்முடைய காரை அங்கே கொண்டுவந்து விட்டார். யுத்தத்துக்கு முந்திய சீமைக் கார். இரண்டே பேர் உட்காரலாம், தலைக்கு மேல் கூரை கிடையாது, பந்தய வண்டி மாதிரி நீள மூக்கு. மலை மழையில் பல வருஷம் கிடந்து, டாஷ்போர்டு மரத்தைக் கரையானும் சீட்டை எலியும் தின்று தீர்த்திருந்தன. எஞ்சினை அண்ணன் முதலிலேயே சரிபண்ணி விட்டான். பிறகு உள்பக்கம் முழுவதையும் கழற்றினான். டாஷ்போர்டிலிருந்த முள் மீட்டர்கள், ஸ்விட்சுகள், அவற்றுக்குப் பின்னால் சடை பிரித்த மாதிரி ஒரு பிடி கம்பிகள் எல்லாம் வெளியே வந்தன.

கம்பிகளின் உறை சாயம் போய் எல்லாம் ஒரே மண் நிறமாக இருந்தன. எந்தக் கம்பி எந்த மீட்டருக்கு என்று அடையாளம் கட்டி வைக்கும்படி அண்ணன் மைனியிடம் சொன்னான். மீட்டர்களின் இங்கிலீஷ் பெயர் மைனிக்கு வராது. அவள் ரவிக்கைத் துணியைக் கிழித்து, அழியாது என்று கடைக்காரன் சத்தியம் செய்த மசியால் வீட்டு மனிதர்களின் பெயரையும் தெரு மனிதர்களின் பெயரையும் எழுதி, கம்பியில் ஒன்றும் மீட்டரில் ஒன்றுமாகக் கட்டினாள். ஹாரன் கம்பிக்கு அடுத்த வீட்டுப் பிச்சம்மை. கடிகாரத்துக்கு எந்தக் கல்யாணத்துக்கும் பந்தி முடிந்த பிறகு வந்து சேரும் எங்கள் சித்தப்பா. பெட்ரோல் காட்டுகிற முள்ளுக்கு, பொய்யைத் தவிர வேறு பேசாத பால்காரர். வேகம் காட்டுகிற மீட்டருக்கு நான், பகவதி. ஆயில் அழுத்தம் காட்டுகிற மீட்டருக்கு 'மாமா', அதாவது என் அப்பா.

ஆம்மீட்டர் என்று ஒன்று உண்டு. பாட்டரியிலிருந்து வண்டிக்குப் போகிற மின்சாரம் எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நடுவில் நிற்கிற முள் இரண்டு பக்கமும் ஆடும். அதற்கு அண்ணனைத்தான் வைத்தாள். ஆனால் புருஷன் பெயரைச் சொல்லவும் மாட்டாள், எழுதவும் மாட்டாள். சுசீந்திரத்துத் தாணுமாலய சுவாமியைக்கூட 'சுசீந்திரத்துச் சாமி' என்றே சொல்லிப் பழகியவள். ஆகவே அந்த மீட்டருக்குப் போகிற இரண்டு கம்பிகளிலும் எழுதாத வெறும் துணியைக் கட்டினாள். நான் கேலி செய்ததற்கு, "வெறுந்துணியைப் பார்த்தா ஆருக்கும் மனசிலாவும். வேலையப் பாரு பிள்ளே" என்றாள்.

அடுத்த வாரம் அண்ணனுக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆயிற்று. ஊரிலிருந்து அப்பா வந்தார். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். எங்கே பார்த்தாலும் திருகாணியும் ஸ்பிரிங்கும் பஞ்சும்தான். வண்டியை லாரியில் ஏற்றி டாக்டருக்கு அனுப்பிவிட்டு ஷெட்டைப் பூட்டுவது, தாணு பிழைத்து எழுந்தால் ஊருக்கு வந்து வயலைப் பார்ப்பது என்று முடிவு சொன்னார். பூட்டைக்கூட ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தார். மைனி கதவுக்குப் பின்னால் நின்றபடி, சித்திரை விஷு அன்றைக்கு டாக்டர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அதுவரைக்கும் பொறுக்க வேண்டும் என்று கேட்டாள். விஷுவன்று வண்டி தானாக ஓடி வெளியே போனால் ஷெட் இருக்கும், இல்லையென்றால் பூட்டு என்று அப்பா சம்மதித்தார். அந்த ஷெட் போனால் அண்ணன் எழுந்தாலும் எழுந்த மாதிரி இருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

நான் அப்போது ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் முதல் வருஷம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். இருவருமாக இறங்கினோம். சீட்டுக்குத் தேங்காய்த் தும்பு அடைத்து மைனியே ரெக்சின் தைத்தாள். தச்சரிடம் ஈட்டி மரப் பலகையில் புது டாஷ்போர்டு அறுத்து வாங்கி, மெழுகு தேய்த்து மீட்டர்களைப் பொருத்தினோம். அண்ணன் இந்த வேலையைச் செய்வதென்றால் வண்டிக்குள் மல்லாந்து, தலையை டாஷ்போர்டுக்குக் கீழே விட்டுக்கொண்டு படுப்பான். சேலை கட்டியவள் அப்படிப் படுக்க முடியுமா? மைனி ஷெட் உத்தரத்தில் இரண்டு கயிற்றைக் கட்டி, பலகையைத் தொட்டில் மாதிரி ஸ்டீரிங்குக்கு முன்னால் தொங்கவிட்டாள். பின்பக்கம் முழுக்கக் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. கம்பிகளை உட்கார்ந்தபடி மாட்டிவிட்டுப் பலகையை அப்படியே உள்ளே தள்ளினால் போதும். பின்னாளில் அண்ணனும் அப்படித்தான் செய்தான். யாருடைய யோசனை என்று வாடிக்கைக்காரர்களிடம் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"ஒரு திருகாணியையும் கடைசி முறுக்கு முறுக்காண்டாம். எல்லாம் அதுக்க எடத்துல இருந்த பெறவு முறுக்கிக்கலாம்" என்பாள். இதை நான் கேட்கவில்லை. விஷுவுக்கு மூன்று நாள் இருக்கையில், மைனி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்த மத்தியான வேளையில், மிச்சமிருந்த கம்பிகளை நானே மாட்டி அவளை அசத்திவிடலாம் என்று புறப்பட்டேன். ஆம்மீட்டர்தான் பாக்கி. வெறுந்துணி கட்டிய கம்பிகள் இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தன. நிதானமுள்ளவள் என்றால் அங்கேயே நிறுத்தியிருப்பாள். நான் பார்வைக்குப் பொருந்திய இரண்டை எடுத்து இறுக்க முறுக்கிவிட்டு, பாட்டரி இணைப்பையும் கொடுத்தேன்.

சீறுகிற சத்தம் கேட்டது. பிறகு புகை. முந்தானையால் பிடித்துப் பாட்டரிக் கம்பியைப் பிடுங்குவதற்குள் பாதிக் கம்பிகள் கருகி ஒட்டிக்கொண்டு விட்டன. பெயர் எழுதிய துணிகள் அத்தனையும் சாம்பல். என் இடது உள்ளங்கையும் வெந்துவிட்டது.

மைனி வந்தாள். கஞ்சித் தூக்கைக் கீழே வைத்தாள். நான் எலி, மழை என்று என்னவோ உளறத் தொடங்கினேன். "அழாண்டாம். எந்தக் கம்பியை எங்க மாட்டினே, அதை மொதல்ல சொல்லு" என்றாள். சொன்னேன். மூன்றாவது வெறுந்துணி யாருடையது என்று கேட்டேன். அவள் அந்தக் கம்பி போகிற வழியைக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அது எர்த்துக் கம்பி. எல்லா விளக்குக்கும் மீட்டருக்கும் போன மின்சாரம் கடைசியில் வந்து சேர்கிற இடம். அதற்குத் தன் பெயரையே எழுதிக் கட்டியிருக்கிறாள். கூரை ஒழுகி, அழியாத மசி அழிந்து, பொன்னம்மையும் வெறுந்துணியாகி இருக்கிறாள்.

"அவியளையும் என்னையும் நடுவுல ஒரு வேலையும் இல்லாம நேரே கட்டினா, புகையாம என்ன செய்யும்?" என்றாள். வெந்த கையோடு நானும் சிரித்தேன்.

அப்பா சாயங்காலம் வந்தபோது வாசனை இன்னும் போகவில்லை. கருகிய கற்றையைப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். எண்ணெய்க் கையோடு என்னைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட்டுக் கல்யாணத்துக்குப் பார்க்க வேண்டியதுதான் என்று அந்த வாரத்திலேயே இரண்டுதரம் சொல்லியிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மைனி என் காலை மிதித்தாள். "நான்தான் மாமா. கம்பி மாறிப் போச்சு" என்றாள். அவர் திகைத்துப் போய், அப்படியானால் லாரிக்குச் சொல்லிவிடட்டுமா என்றார். விஷுவுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று பதில் வந்தது. அவர் போன பிறகு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டை பிடித்தேன். "உனக்கு இனியும் பரீட்சை உண்டு. எனக்கு என்ன பரீட்சை?" என்றாள்.

மறுநாள் காலை சாலைக் கடைகளில் புதுக் கம்பி வாங்கி வந்தோம். ஒவ்வொன்றையும் ஒரு சாண் கூடுதலாக வெட்டினாள், பலகை தொங்கும்போது இழுக்காமல் இருப்பதற்காக. அடையாளத் துணிகள்தான் இல்லையே, எது எங்கே என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். மைனி கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். பிச்சம்மை ஸ்டீரிங் குழாய் வழியாக வருவாள். பால்காரர் பின்பக்கத்திலிருந்து தரையோடு வருவார். நான் எழுதி எழுதிக் கட்டினேன். ஆம்மீட்டர் வந்தது. மைனி வாயை மூடிக்கொண்டாள். இன்னொரு வெறுந்துணியைக் கட்ட மாட்டேன் என்று நான் துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

வெளியே அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அது மைனிக்கும் தெரியும். அவள் முந்தானையைச் சரி செய்துகொண்டாள். "எழுது. தாணுமாலயன்" என்றாள். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. வாசலுக்குக் கேட்கும்படி தெளிவாக இன்னொருதரம் சொன்னாள். "தாணுமாலயன். ரெண்டு துணியிலயும் எழுது."

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. அப்பா உள்ளே வந்தார். அவர் தொங்குகிற பலகையின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதுல நான் எது?"

மைனி ஆயில் மீட்டரைத் தொட்டுக் காட்டினாள்.

"நான் கீழே எறங்கினா என்ன ஆவும்?"

"வண்டியை ஒடனே நிறுத்தணும் மாமா. இல்லேண்ணா எஞ்சின் போயிரும்."

அப்பா சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரைக்கும் எங்களுக்குத் திருகாணி எடுத்துக் கொடுத்தார்.

விஷுவன்று காலையில் டாக்டர் வந்தார். டாஷ்போர்டு, சீட்டு, கதவின் உட்பக்கம், தரையில் விரித்த கயிற்றுப்பாய் எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். தாணுமாலயன் முள் ஆடி நின்றது. மாமா மெல்ல ஏறினார். அப்பா வேறெதையும் பார்க்கவில்லை, அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கிழக்கேகோட்டை வரைக்கும் ஒரு சுற்றுப் போய்வந்து, கை கூப்பிவிட்டு மலைக்குப் புறப்பட்டார். மலையடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து பஸ்காரரிடம் சொல்லி அனுப்பினார். எல்லாம் நன்றாக வேலை செய்கிறதாம், கடிகாரம் மட்டும் ஓடவில்லையாம். சித்தப்பாவிடம் அதற்கு மேல் நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. அப்பா மறுநாள் தம் பூட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்.

அண்ணன் எழுந்து வந்தான். கம்பி எரிந்த கதையைத் தான் செய்ததாகவே மைனி அவனிடமும் சொன்னாள். அன்று முதல் ஷெட்டுக்கு வருகிற ஒருவரையும் அவன் விட்டதில்லை. தான் நாலு நாள் படுத்த நேரத்தில் பெண்சாதி சீமைக் காரைக் கொளுத்தப் பார்த்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். உங்களில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பீர்கள். மைனியும் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருப்பாள். நான் பரீட்சை தேறி, வேலைக்கும் வந்த பிறகு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மூன்றுதரம் கேட்டேன். "சாரமில்லே, போவட்டும். அவியளுக்கு நல்லாச் சொல்ல வருது, கெடுக்காண்டாம்" என்று தடுத்துவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. அதை மறைப்பானேன்?

பதினாறாம் நாள் பந்தி முடிந்ததும், வந்தவர்களில் ஒருவர் அந்தக் கதையை எடுத்தார். துக்க வீட்டில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. நான் எழுந்து நின்று, எரித்தது நான் என்று சொன்னேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான். கோபப்படுவான் என்றுதான் நினைத்தேன்.

"அஞ்சு வருசமா அவளை நிறுத்தி வச்சுச் சிரிச்சேனே பகவதி" என்றான். "ஒரு நாளாவது, இல்லேண்ணு சொல்லியிருக்கலாமே அவ."

நான் இன்று மாதச் சம்பளம் வாங்கி, பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வகுப்புக்குள் நுழைகிறேன் என்றால், அது ஐந்து வருஷம் அவள் எனக்காகக் கேலிப்பட்டு வாங்கித் தந்தது. மைனியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை வைத்துக்கொள்கிறேன். அவள் மேல் கிடக்கிற பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கதை நல்ல கதை, இனியும் சொல்லுங்கள், சிரியுங்கள். கம்பியை எரித்தவள் பகவதி என்று மட்டும் மாற்றிச் சொல்லுங்கள். அந்த வண்டியை ஓட வைத்தவள் பொன்னம்மை.