வியாழக்கிழமை மட்டும் வசூல்

லாட்ஜ் துணி வெளுத்துக் கொடுக்கும் தொழிலில் அழுக்குக்குப் பஞ்சமே கிடையாது, கையில் காசுக்குத்தான்.

என் அத்தை ஸ்டெல்லா ஏற்காட்டில் ஆறு லாட்ஜுகளின் பெட்ஷீட், தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, தேய்த்துக் கொடுக்கிறார். கூட நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். எம்.காம். முதல் வருஷ லீவுக்கு நான் போய் இறங்கிய அன்றைக்கே, தொழில் நட்டம், துணி காயவைக்கிற டிரையரை விற்றுவிட்டு மூடப்போகிறேன் என்றார். சேலத்தில் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராம், மாதக் கடைசியில் வருவாராம். மழைக்காலத்து ஏற்காட்டில் டிரையர் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூடக் காயாது. அது போனால் நான்கு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். நான் கணக்கைப் பார்க்கிறேன் என்று வாயை விட்டேன். சொந்தக்காரர்களுக்குக் கணக்குப் பார்க்கப் போய்க் கெட்ட பேர் வாங்கிய தோழர்களே, தோழிகளே, மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ரூபாயே இல்லாத நோட்டு

அத்தையின் நோட்டு படு சுத்தம். எந்த லாட்ஜ், எந்தத் தேதி, எத்தனை பெட்ஷீட், எத்தனை துண்டு, எல்லாம் முத்து முத்தாக எழுதியிருக்கிறது. ரூபாய் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. அத்தையிடம் ரேட்டைக் கேட்டு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பெருக்கிப் பார்த்தேன். நட்டமாவது, மண்ணாவது! மூன்று மாத லாபம் முழுக்க ஆறு லாட்ஜுகளிலும் பத்திரமாகப் படுத்துக்கொண்டிருந்தது. பெட்டியில் பணம் இல்லை என்பதைத்தான் அத்தை நட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்புறம் ஏன் பில் அனுப்பவில்லை என்று சண்டைக்குப் போனேன். லாட்ஜ்காரர்களாகப் பார்த்துக் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வதுதான் மரியாதையாம். அத்தை சொன்னது இது: “பில்லுன்னு அனுப்புனா, இந்தம்மா நம்மள நம்பலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்குவாங்க கண்ணு.”

சோப்புத்தூள்காரர்

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சேலத்திலிருந்து வேனில் சோப்புத்தூள் வரும். மூட்டை இறங்குவதற்குள் அத்தை பணத்தை நீட்டிவிடுவார். அதற்காகக் கழுத்துச் செயின் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பிய கதைகூட உண்டு. லாட்ஜ்காரர்களுக்கு நீங்கள் மூன்று மாதம் பொறுப்பீர்கள், உங்களுக்காக யாரும் மூன்று நாள் பொறுக்கக்கூடாதா, இது என்ன நியாயம் என்று கேட்டேன். நம்ம குடும்பத்தில் யாரும் கடன் சொல்லி நின்றதில்லை என்றார். பெருமைதான். அந்தப் பெருமைக்கு வட்டி கட்டுவது யார்?

நானே வேனருகே போய், பில்லுக்கு ஒரு மாதம் தவணை கிடைக்குமா என்று கேட்டேன். அவர் தோளில் இருந்த மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எல்லாருக்கும் ஒரு மாசம் தவணை குடுத்துட்டுத்தானுங்க இருக்கறேன். உங்க அத்தை பணத்த வெச்சுத்தான் நான் வேனுக்கு டீசலே போடறேன்.”

பணம் தராத கிழமைகள்

பில் எழுதிக்கொண்டு கிளம்பினேன். வெள்ளிக்கிழமை பணம் வெளியே போகக்கூடாது என்றார் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜ்காரர். செவ்வாயும் அப்படியே. சனி, ஞாயிறு டூரிஸ்ட் கூட்டம், பேச நேரமில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை பணம் கேட்டால் அத்தை என்னைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போகமாட்டார். திங்கட்கிழமை முதலாளி பாங்கு வேலையாகச் சேலம் போய்விடுவார். புதன்கிழமை மேனேஜருக்கு லீவு. போன லாட்ஜிலெல்லாம் ஏறக்குறைய இதே பாட்டு. ஒரு தாளில் கிழமைகளை எழுதி ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். வியாழன் ஒன்றுதான் தப்பியது.

அந்த வியாழனே மறுபடி பஸ் ஸ்டாண்டுக்காரரிடம் போனேன். இனி வியாழன்தோறும் பதினொரு மணிக்கு வருவேன் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமை லட்சுமி வெளியே போகக்கூடாது என்றால், வெள்ளிக்கிழமை ரூம் எடுப்பவர்களிடம் நீங்கள் எப்படி அட்வான்ஸ் வாங்குகிறீர்கள், அது அவர்கள் வீட்டு லட்சுமி இல்லையா என்றும் கேட்டுத் தொலைத்தேன். அவர் கல்லாவைத் திறந்து பில்லுக்கான பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்: “ஏனுங்க அம்மணி, எதுத்துப் பேசறதுக்குன்னே காலேஜுல தனியா ஒரு படிப்பு வெச்சிருக்கறாங்களாட்ட.”

ஏழாம் தேதி

இருப்பதிலேயே பெரிய லாட்ஜ்தான் இருப்பதிலேயே பெரிய பாக்கி. மாசம் பொறந்ததும் போய் நிற்காதே, அவர்களுக்கும் செலவு இருக்கும் என்று அத்தை தடுத்ததால் ஏழாம் தேதி போனேன். ஆபீஸ் கிளார்க் பில்லை வாங்கி மேஜையிலிருந்த பில் கட்டுக்கு அடியில் செருகினார். ஐந்தாம் தேதிக்குள் வந்த பில்லுக்கு அந்த மாதமே செக். அதற்குப் பிறகு வந்தால் அடுத்த மாதம்தானாம். அடுத்த மாதம் டிரையரே இருக்காது. இந்த விதியை இத்தனை வருஷத்தில் அத்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று குரலை உயர்த்தினேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

“அவிங்க கேக்கலீங்க, நான் சொல்லலீங்க. கேக்காததுக்கெல்லாம் பதில் சொன்னா ஆபீஸுல வேல பாக்க முடியுமுங்களா?”

ஒன்றாம் தேதி

பெரிய லாட்ஜ் கைவிட்டாலும் மற்ற ஐந்தும் வியாழன் வியாழனாகக் கொடுத்தன. தவணை கிடைத்ததால் சோப்புத்தூள் பணமும் கையிலேயே நின்றது. மாதக் கடைசியில் டிரையர் வாங்கச் சேலத்துக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். அத்தை பெட்டியைத் திறந்து மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, அவருக்குக் காபி கொடுத்து, மெஷின் விற்பனைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினார். ஜீப் வாடகை தண்டம் என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் போனார். எனக்கு ஒரு பாராட்டு வரும் என்று பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை.

மறுநாள் ஒன்றாம் தேதி. வாழவந்தியிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வரும் செல்லம்மாக்காவுக்கு இதுவரை சம்பளம் ஐந்நூறும் ஆயிரமுமாக மாதம் முழுக்கச் சொட்டிக்கொண்டிருக்கும். அன்று மொத்தத்தையும் ஒரே கவரில் போட்டு நானே கையில் கொடுத்தேன். அக்கா அதை எண்ணக்கூட இல்லை. டிரையரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது.

“ஒண்ணாந் தேதியே மொத்தமாக் குடுக்கறயே சாமி, நெசமாலுமே மூடப்போறீங்களா?”

சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுத்த குற்றத்துக்காக ஒரு மணி நேரம் சத்தியம் செய்து சமாதானம் சொன்ன ஒரே கணக்குப்பிள்ளை இந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.