உச்சந்தலையில் கயிற்றுத் தடம்

என் மனைவியின் உச்சந்தலையில், வகிடு முடிகிற இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு முடி கிடையாது. தொட்டால் சின்னப் பள்ளம் போலிருக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறியதால் விழுந்த தடம் அது. இப்போது தினமும் காலையில் அவளுக்குத் தலை சீவிவிடுவது நான்தான். சீப்பு அந்த இடத்துக்கு வந்ததும் என் கை தானாக மெதுவாகிவிடும்.

ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் அவள் கொழுந்து எடுத்தாள். நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினேன். கவ்வாத்துக்காரர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். நான் எங்கள் லயத்து வீட்டுக்குப் போகாமல் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நிற்பேன். அவள் வந்து என் முன்னால் தலையைக் குனிவாள். கயிற்றைக் கழற்றிக் கூடையை இறக்கி வைப்பேன். வேறு ஆம்பிளைகள் யாரும் அப்படிச் செய்ததில்லை. "வந்துட்டாருய்யா கூடை மாப்பிள்ளை!" என்று கங்காணி கத்துவார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிடும். ஆனாலும் மறுநாளும் போய் நிற்பேன். நாலு பேர் முன்னால் பேச வராது எனக்கு. வீட்டிலும் அதிகம் பேசியதில்லை. அவளிடம் சொல்ல இருந்ததையெல்லாம் அந்தக் கூடையை இறக்கித்தான் சொன்னேன் என்று இப்போது தோன்றுகிறது.

அவளுடைய மறதி முதலில் மலையில்தான் வெளியே தெரிந்தது. கொழுந்து எடுக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போனவள், காலையில் தானே எடுத்து முடித்த நிரைக்குள் மறுபடி நுழைந்துவிட்டாள். அங்கே எடுக்க என்ன இருக்கும்? முத்தல் இலையாகக் கிள்ளிக் கூடையில் போட்டிருக்கிறாள். "என்னக்கா, மொட்டைத் தலைக்கே மொட்டை போடுறீங்க!" என்று பக்கத்து நிரைக்காரி சொல்ல, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சாயந்திரம் அதை என்னிடம் சொல்லி அவளும் சிரித்தாள். பிறகு அடிக்கடி அப்படி நடந்தது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பதுளையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். யாழ்ப்பாணப் பக்கத்துக்காரர். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று அவளை வெளியே வாங்குப் பலகையில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஐயா, ரத்தத்தில ஒரு புரதம் கூடிப்போய்க் கிடக்கு. இது மூளையில மறதி நோய் தொடங்கினதுக்கு ஒரு அடையாளம். இப்ப ஆரம்பம்தான். மருந்தால கொஞ்சம் தாமதிக்கலாம், மாத்தேலாது" என்றார். எப்போது வந்தது என்று கேட்டேன். "மறக்கத் தொடங்க முதலே, கன வருசமா உள்ளுக்க இருந்திருக்கும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "என்னாங்க சொன்னாங்க அந்தம்மா?"

"ரத்தத்துல ஏதோ கூடியிருக்காம்."

"நல்லதுதானே. தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு எப்பவும் ரத்தம் கம்மின்னுதான் சொல்லுவாங்க. எனக்காச்சும் ஏதோ கூடியிருக்கே" என்று சிரித்தாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் மறைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. "ஒங்களையே மறந்துட்டேன்னா என்னாங்க செய்வீங்க?" என்றாள். நான் பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்தேன். "பேசவே மாட்டீங்களே! சரி, அப்பவும் வந்து கூடைய எறக்கி விடுங்க" என்றாள்.

கன வருசமாக என்று டாக்டரம்மா சொன்னது எனக்குள்ளேயே கிடக்கிறது. மகளின் கல்யாணத்தில் எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினாளே, அப்போதே அது உள்ளே இருந்ததா? குளிரில் எனக்கு முன்பே எழும்பி ரொட்டி தட்டி, சூடு ஆறாமல் துணியில் சுற்றிக் கொடுத்தாளே, அன்றைக்கும் இருந்ததா? தினமும் அவள் தலையைக் குனிந்தபோது கயிற்றுத் தடம் என் கண்ணுக்கு நேரே இருந்தது. அதற்கு அடியிலே விழுந்துகொண்டிருந்த இன்னொரு தடத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை. முதலில் சாமான்களின் பெயர்கள் போயின. பிறகு ஆட்களின் பெயர்கள். ஆனாலும் என்னை மட்டும் அவளுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஒரு சாயந்திரம், மழை இறங்கப் பார்த்த நேரம், வாசலில் கழுத்தை முன்னால் தள்ளி, பாரம் சுமக்கிறவள் போல நின்றாள்.

"உள்ள வா புள்ள" என்று கையைப் பிடித்தேன்.

உதறிவிட்டாள். "நீங்க போங்கண்ணே. எங்க வீட்டுக்காரரு வருவாரு. அவருதான் எறக்குவாரு."

அவர் எப்படி இருப்பார் என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"பேசவே மாட்டாரு" என்றாள். "ஆனா வந்துருவாரு."

நான் லயத்துக் கோடி வரைக்கும் நடந்து போனேன். குழாயடியில் கொஞ்ச நேரம் நின்று முகத்தைக் கழுவினேன். பிறகு திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் அவள் முன்னால் நின்றேன். என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்தாள். உச்சந்தலைப் பள்ளத்தில் விரல் வைத்து, இல்லாத கயிற்றைக் கழற்றி, இல்லாத கூடையைக் கீழே இறக்கி வைத்தேன். "அப்பாடா!" என்று கழுத்தைத் தடவிக்கொண்டு என்னோடு உள்ளே வந்தாள். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள். நானும் தூங்கினேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல அவளுக்குத் தலை சீவினேன். சீப்பு அந்த இடத்துக்கு வந்தது.

"மெதுவாண்ணே" என்றாள்.