நானும் சென்சாரும் நாலு தோசையும்

நாளைக்கு மகளுக்குக் கல்லூரியில் ப்ராஜெக்ட் டெமோ. கையை நீட்டினால் எண்ண வேண்டிய சென்சார், இன்று காலை ஒரு தடவை எண்ணிவிட்டு நின்றுவிட்டது.

"தள்ளு, இது நம்ம ஏரியா" என்று உட்கார்ந்தேன். ஒரகடம் கம்பெனியில் லைன் ஆபரேட்டர் ஆயிற்றே! துடைத்தேன், ஊதினேன், ஒயரை மாற்றினேன். அசையவில்லை.

கடைசியில் மகளே புரோகிராமைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "சென்சார் நம்மளக் கூப்புடுறதுதான் இன்டரப்ட்பா. 'பாத்துட்டேன்'னு புரோகிராம் பதில் சொல்லலன்னா மறுபடி கூப்புடாது. உன் லைன்ல மெஷின் நின்னா ரீசெட் அமுக்குவியே, அதே மாதிரி."

ஷிப்ட் முழுக்க நான் அமுக்குவது அந்த ஒரு பட்டனைத்தான்.

ஒரு வரி சேர்த்தாள், சென்சார் எண்ண ஆரம்பித்தது. பெருமையாகச் சாப்பிடப் போனேன்.

"நாலு தோசை சுட்டு வச்சு நாலு வாட்டி கூப்ட்டேன், வாயத் தொறந்தியா? இனிமே கூப்ட மாட்டேன், போய்யா!" என்றாள் மனைவி.

இந்த மாடலுக்கு ரீசெட் எங்கே இருக்கிறது? அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள், பசிக்கிறது.