சத்தமில்லாமல் வந்த கார்

மெர்டேக்கா, அதுதான் மலாயாவுக்குச் சுதந்திரம், வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். என்னிடம் ஒரு பழைய கறுப்புக் கார் இருந்தது. மலாக்கா டவுனுக்குள் வாடகைக்கு ஆள் ஏற்றி அதில்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். அதன் புகைக்குழாய் துருப்பிடித்து உதிர்ந்துபோனதும், செமாபோக்கில் ஒரு பழைய இரும்புக்கடையில் வேறு ஏதோ வண்டியின் குழாயை வாங்கி வந்து மாட்டினேன். அளவு சேரவில்லை. முன்பக்கம் ஒல்லி, வால்பக்கம் நீளம். அன்றிலிருந்து வண்டி நகர்ந்தாலே காலி டின்களைக் கட்டி இழுப்பதுபோல் கடகடவென்று சத்தம். நான் காஜா பேராங் ரோட்டு முனையில் திரும்பும்போதே அம்மா வீட்டில் எனக்குத் தட்டு வைத்துவிடுவாள். "துரை வராரு, ஊரைக் கூட்டிக்கிட்டு" என்பார்கள் பக்கத்து வீட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் சரிசெய்யவில்லை, ஓடுகிற வண்டியை எதற்கு நிறுத்துவது என்று விட்டுவிட்டேன்.

அப்பா அப்போது பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். வயிற்றில் கட்டி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனி இங்கே வைத்திருந்து பயனில்லை, இன்றைக்கோ நாளைக்கோ என்றார். நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. என் முகமே சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"என்னை வீட்டுக்குக் கொண்டுபோயிருடா," என்றார். "இங்க செத்தா வெளியதான் போடுவீங்க."

எங்கள் ஆட்களிடம் அப்படி ஒரு வழக்கம். வெளியே உயிர் போனால் உடலை வாசற்படி தாண்டி உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். முற்றத்தில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, அங்கிருந்தே தூக்கிவிடுவார்கள். தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் பிறந்த மனிதர் அப்பா. சொந்தமாக ஒரு பலகை வீடு கட்டுவதற்குள் ஆயுசில் பாதி போய்விட்டது. அந்த வீட்டு வாசலிலேயே அந்நியனைப்போல் கிடக்க அவருக்கு மனசில்லை. எனக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே எரிச்சல். ஆனால் அதை மீறும் துணிச்சல் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது, எனக்கும் சேர்த்துத்தான்.

சாகக் கிடப்பவரை மற்ற டாக்சிக்காரர்கள் ஏற்ற மாட்டார்கள். என் காரை விட்டால் வழியில்லை. காலையிலேயே கூட்டிவந்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். என் அக்காவின் கணவரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பின்சீட்டில் மெத்தையை மடித்துப் போட்டு, இருவருமாக அப்பாவைக் கிடத்தினோம். வண்டியைக் கிளப்பி ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டவில்லை, அப்பா அலறினார்.

"நிறுத்துறா! வயித்துல சுத்தியலால அடிக்கிற மாதிரி இருக்கு!"

குழாயின் வால் வண்டியின் அடித்தகட்டில் மோத மோத, அந்த அதிர்வு சீட்டு வழியாக ஏறி நேராக அவர் கட்டியில் போய் இடித்திருக்கிறது. திரும்பவும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் போட்டோம். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வெளியே வந்து காரின் டயரை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

மச்சான் சட்டையைக் கழற்றினார். "காடிய மரத்தடிக்குத் தள்ளு மாப்ள. பாத்துருவோம்."

குழாய் ஆறுவதற்கே வெகுநேரம் பிடித்தது. ஆறும்வரை நான் வார்டுக்கும் மரத்தடிக்குமாக நடந்தேன். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதும், குழாயைத் தொட்டுப் பார்ப்பதுமாக. பிறகு இருவரும் வண்டிக்கடியில் புகுந்தோம். வாசல் காப்பிக்கடையில் ஒரு காலி பால் டின் வாங்கி வந்து, அதை வெட்டி விரித்து, ஒல்லியாக இருந்த முன்பக்கத்தில் சுற்றி, அதன்மேல் இரும்புப் பட்டையைப் போட்டு முடுக்கினோம். அந்த ஆட்டம் நின்றது. வால்பக்கத்தைத் தகட்டில் படாமல் தொங்கவிட வேண்டும். கம்பியால் கட்டினால் கம்பியும் சேர்ந்து அதிரும். ரப்பர் வேண்டும்.

மச்சான் தன் சைக்கிளின் பின்டயரைக் கழற்றி, கத்தியால் நீளமாக ஒரு துண்டு அறுத்தார்.

"மச்சான், நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவீங்க?"

"நடந்து போறேன்லா. நீ பிடி."

கட்டி முடித்ததும் என்னைப் பின்சீட்டில் குப்புறப் படுக்கச் சொன்னார். வயிற்றைச் சீட்டில் அழுத்திப் படுத்தேன். அவர் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டினார். எஞ்சின் ஓடுவது தெரிந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை எப்போதோ செய்திருக்கலாம்.

அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மச்சான் பின்னால் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நடக்கிற ஆளின் வேகத்தில்தான் ஓட்டினேன். அப்பா முனகக்கூட இல்லை. "பரவால்லடா, நல்லாருக்கு," என்றார் ஒரு தடவை. எனக்குத் துரைக்குக் கார் ஓட்டுகிற மாதிரி பெருமையாக இருந்தது.

எங்கள் தெருவில் திரும்பியதும்தான் செய்திருக்கும் காரியம் விளங்கியது. காலையில் வருவதாகச் சொன்ன வண்டி சாயங்காலம் வருகிறது. ஊரைக் கூட்டும் வண்டி சத்தமில்லாமல் ஊர்ந்து வருகிறது. எங்கள் ஜனங்களுக்கு வேறென்ன தோன்றும்? முற்றத்தில் பெஞ்சைப் போட்டுவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரம்மா மலாக்கா செட்டி, தலைமுறை தலைமுறையாக மலாய் பேசும் குடும்பம், அவருக்குத் தமிழ் வராது. மலாயில் ஏதோ சொல்லி என் அம்மாவைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தார். அம்மா தலைவிரிகோலமாக மார்பில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"என் ராசாவே! என் தங்கமே! என்னை விட்டுட்டுப் போயிட்டியே! உன்னையத் தவிர எனக்கு யாரு இருக்கா!"

என் அப்பாவும் அம்மாவும் சண்டை போடாத நாளை நான் பார்த்ததில்லை. அம்மா அவரைக் கூப்பிடுவதே "இந்தா, கேக்குதா" என்றுதான். ராசாவாவது தங்கமாவது.

நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிக் கத்தினேன். "உசுரோடதான் இருக்காரு! வாயை மூடுங்க எல்லாரும்!"

அழுகை பாதியில் நின்றது. அம்மா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். அப்பா கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"அதை எடுத்து உள்ள போடு," என்றார். "மழ வந்தா ஊறிரும்."

வாசற்படி தாண்டி அவரை உள்ளே தூக்கிக்கொண்டு போனோம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கஞ்சி வைக்கப் போய்விட்டாள். கொண்டுவந்து ஊட்டும்போது அப்பா அவள் கையைப் பிடித்தார்.

"வாசல்ல என்னமோ சொன்னியே. இன்னொருக்க சொல்லேன்."

"கஞ்சி ஆறுது, குடிங்க," என்றாள் அம்மா. நான் அங்கே நிற்கக்கூடாது என்று தோன்றி, வெளியே வந்து காருக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் சொன்னாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, தன் வீட்டுக்குள், தன் பாயில், அப்பா போய்ச் சேர்ந்தார். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து வட்டமாக உட்கார்ந்து, மனைவிதானே ஒப்பாரியை முதலில் எடுக்க வேண்டும் என்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வாயைத் திறக்கவில்லை. அக்கா அவள் தோளைத் தொட்டு, "அழுதுரும்மா," என்றாள்.

"எதுக்கு?" என்றாள் அம்மா. "அதான் அவரு காதாலயே கேட்டுட்டாரே."