கொம்பு முகமூடிக்குள் தேவநேசன்

ரங்கூனில் க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் குடியிருக்கும் தேவநேசனை எங்கள் மாதா கோயில் ஆட்கள் 'இத்தாலி' என்றுதான் கூப்பிடுவார்கள். இளமையில் கப்பல் வேலைக்குப் போன மனிதர், ஒன்றரை வருஷம் இத்தாலியிலேயே தங்கிவிட்டார். முதலாளி கைவிட்டதால் கப்பல் துறைமுகத்தில் முடங்கிப்போனது, வயிற்றுப்பாட்டுக்காக வாள்சண்டை மாயாஜாலப் படங்களில் அரக்கனாக நடித்தேன் என்று திரும்பி வந்து சொன்னார். தோல் கச்சை, கொம்பு முகமூடி. கதாநாயகன் வாளை ஓங்கினால் விழுந்து சாக வேண்டும், அவ்வளவுதான் நடிப்பு.

மனைவி மரியபுஷ்பம் நம்பவில்லை. எந்த வெள்ளைக்காரியோடு குடித்தனம் நடத்தினீர்கள் என்று ஒரு தடவை கேட்டதோடு சரி. சாகும்வரை அதே நினைப்பில்தான் இருந்தார். முகமே தெரியாத நடிப்புக்கு மனிதர் சாட்சிக்கு எங்கே போவார்? மகள் லதாவும் அம்மா பக்கம். பாலம் தாண்டினால் தன்லியின், அங்கேதான் இருக்கிறாள். அம்மா போன பிறகு அப்பாவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

படத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் கைபேசியில் பழைய இத்தாலிப் படங்களாகத் தேடிப் பார்ப்பார். வாங்கி வந்த மொஹிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், ஆறிப்போய்க் கிடக்கும். எழுபது வயதில் இதென்ன கிறுக்கு என்று நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். பேச ஆளில்லாத வீட்டில் வேறென்ன செய்வார், பாவம்.

போன வாரம் பார்த்த படத்தில் அரக்கன் ஒருவன் குகை வாசலில் வெட்டுப்பட்டு விழுந்தான். சாகுமுன் சிலுவை அடையாளம் போட்டு, விரலைக் கோரைப்பல்லில் வைத்து முத்தமிட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டான். கதையோ இயேசு பிறப்பதற்கு முந்தைய காலம். முகமூடிக்குள் இருந்தது அவரேதான். வாள் தகரம்தான் என்றாலும் நடித்த அன்றைக்குத் தேவநேசனுக்குப் பயம் நிஜம். கை தானாகப் போய்விட்டது. டைரக்டர் வாய்க்கு வந்தபடி திட்டினாராம். அந்த இடத்தை வெட்டி எறிந்திருப்பார்கள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

அந்தத் துண்டை மட்டும் லதாவுக்கு அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"கண்ணுல ஒத்திக்கிறது அம்மா பழக்கமாச்சேப்பா. வேற யாரும் அப்டி செய்ய மாட்டாங்களே."

"கப்பல் ஏறுறப்ப உங்கம்மா சொல்லிக் குடுத்தது. பயம் வந்தா இப்டி செய்யுங்கன்னு."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. இத்தனை நாள் வராமல் இருந்ததற்கு வருத்தப்பட்டாள், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னாள்.

"நான் நம்புறேன்ப்பா."

"நம்ப வேண்டியவ போய்ட்டாம்மா," என்றார் தேவநேசன்.