கலந்தர் பாயின் இரட்டைப் பூட்டு

குடவாசலில் என் முருகையன் மளிகைக்கு அடுத்தது கலந்தர் பாயின் மெடிக்கல். அண்ணன் துபாய்க்குக் கூப்பிட்டும் போகாமல் இருபது வருஷமாக அதிலேயே நின்றவர். மருந்துகளை அலமாரி அலமாரியாகப் பிரித்து வைத்திருப்பார். காய்ச்சல் மாத்திரை யார் கேட்டாலும் கிடைக்கும். சிவப்புக் கோடு போட்டதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். சில தூக்க மருந்துகளுக்குச் சீட்டு இரண்டு பிரதி, பூட்டிய அலமாரி. எந்த மருந்து எவ்வளவு உதவும், எவ்வளவு சீக்கிரம் ஆளை அடிமையாக்கும் என்று எடைபோட்டு அரசாங்கம் செய்த வகைபிரிப்பாம். எல்லாவற்றுக்கும் மேலே கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின். அதற்குத் தனி லைசென்ஸ், இரட்டைப் பூட்டு.

எண்பதுகளின் கடைசியில் பாய் அந்த லைசென்ஸுக்கு அலைந்தது வீரையனுக்காக. கூலி நெல் கேட்ட போராட்டத்தில் மிராசுதார் ஆட்கள் மண்டையை உடைத்தபோதும் வாய் திறக்காத மனுஷன் வீரையன். தாடையில் புற்றுநோய் வந்தபின் அவர் அலறல் தெருமுனைவரை கேட்டது. தஞ்சாவூர் டாக்டர் மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். நாங்கள் விசாரித்த எந்தக் கடையிலும் அது இல்லை.

அலையவிட்டார்கள், படுபாவிகள்! ஒரு இலாகா கையெழுத்துப் போட்டால் இன்னொன்று படிவம் பழசு என்றது. தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, அதிகாரியும் மாறினார். மனு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

ஒருநாள் வீரையன் மனைவி ராஜாத்தி கேட்டாள்: "அப்படி என்னதான் பாய் இருக்கு அந்த மருந்துல?"

கடுப்பில் இருந்த பாய் பொரிந்தார். "என்னத்த இருக்கு? கசகசாச் செடியோட பாலும்மா! விதைய முருகையன் மூட்டையில கொட்டி விக்கிறான். பாலுக்கு மட்டும் ரெட்டைப் பூட்டாம்!"

அன்றிலிருந்து அவள் தினமும் என்னிடம் கசகசா வாங்கினாள். குருமாவுக்கு என்று நினைத்து நிறுத்துக் கொடுத்தேன். சாகக் கிடக்கும் ஆளை வைத்துக்கொண்டு தினம் எவள் குருமா வைப்பாள் என்று யோசிக்கவில்லை, மடையன் நான்! அரைத்துப் பாலில் கலந்து ஊட்டியிருக்கிறாள். சமையல் கசகசாவில் ஏது அந்த மருந்து?

பதினைந்தாம் நாள் பாயிடம் வந்து நின்றாள். "இன்னும் மைய அரைக்கணுமா பாய்? அவரு வலிக்குக் கேக்கவே இல்லியே."

பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

வீரையன் தை அறுவடைக்கு முன்னால் கத்திக் கத்தியே செத்தார். லைசென்ஸ் சித்திரையில் வந்தது.

மறுவருஷம் சோதனைக்கு வந்த அதிகாரி இரட்டைப் பூட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே வீரையனின் டாக்டர் சீட்டு மட்டும் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பதிவேட்டில் எழுதினார்: "இருப்பு இல்லை. துஷ்பிரயோகம் இல்லை. திருப்தி."

"யாருக்குங்க திருப்தி?" என்றார் பாய்.

அதிகாரி அதற்குள் ஜீப்பில் ஏறிவிட்டார்.